எண்ணும் வண்ணமும்

1965-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் நடுவில், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பாஸடீனா நகரை அடுத்துள்ள ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில், பொறியியலார் சிலர் வேடிக்கையானதொரு வேலையில் ஈடுபட்டிருந்தனர். வரிசை வரிசையாக எண்கள் அச்சிடப்பெற்ற காகித நாடாக்களைப் பலகையொன்றில் ஒன்றன்பக்கம் ஒன்றாகப் பொருத்தி, ஒவ்வோர் எண்ணின்மீதும் வண்ணக்கோல் கொண்டு நிறம் தீட்டிக் கொண்டிருந்தனர். எண் இதுவாயின் நிறம் இது என்று ஓர் அட்டவணையும் பக்கத்தில் எழுதி வைத்திருந்தனர். பள்ளிச் சிறுவர் கோடிட்ட படத்தில் வண்ணம் நிரப்புவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் அவர்கள் தீட்டிக் கொண்டிருந்தது செவ்வாய்க் கிரகத்தை. விண்கலம் ஒன்று அக்கிரகத்தின் அருகே சென்று எடுத்த முதற் படம், மனிதன் கண்ணுக்கு முதன்முதலில் புலனானது இவ்வாறுதான்.

அந்த விண்கலத்தின் பெயர் மாரினர் 4. 1964 நவம்பர் 28-ஆம் நாள் ஏவப்பட்டு, ஏழரை மாதங்கள் பயணம் செய்து, 1965 ஜூலை நடுவில் செவ்வாயின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 9,800 கிலோமீட்டர் தொலைவில் அது கடந்து சென்றது. கடந்து செல்லும் சிறு பொழுதிற்குள் அதன் காமிரா இருபத்தொரு படங்களையும் இருபத்திரண்டாவதில் ஒரு பகுதியையும் எடுத்தது. படங்கள் அங்கிருந்து வந்து சேர்ந்த விதம் ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கத் தக்கது.

காமிராவின் முன் தோன்றிய காட்சியைக் கலத்திலிருந்த கருவி 200 வரிகளாகப் பகுத்தது. ஒவ்வொரு வரியையும் 200 புள்ளிகளாகப் பகுத்தது. ஆகப் படமொன்றுக்கு 40,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் எவ்வளவு என்று அளக்கப்பட்டு, 0 முதல் 63 வரையுள்ள ஓர் எண்ணாகக் குறிக்கப்பட்டது. அந்த எண்ணை ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகளால் எழுத ஆறு இடங்கள் வேண்டும். எனவே ஒரு படத்தை அனுப்ப 2,40,000 குறிகள் தேவைப்பட்டன. கலத்திலிருந்த ரேடியோக் கருவியின் ஆற்றலோ பத்து வாட்டு. வீட்டில் எரியும் சிறு விளக்கொன்றின் அளவு. செவ்வாயோ அப்போது இருபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அங்கிருந்து புறப்பட்ட அலை பூமியை வந்தடையப் பன்னிரண்டு நிமிடங்கள் பிடித்தன. அத்துணைத் தொலைவிலிருந்து அத்துணை மெலிந்த குரலில் பேசுவோன் மிக மெதுவாகவே பேசுதல் வேண்டும். ஒரு விநாடிக்கு எட்டுக் குறிகளுக்குச் சற்று மேற்பட்ட வேகத்திலேயே செய்தி வந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு படத்திற்கு எட்டு மணி நேரம் ஆகும். ஆகவே படங்கள் முதலில் கலத்திலிருந்த காந்த நாடாவில் பதிவு செய்யப்பட்டு, பின்னர் நாட்கணக்கில் ஒவ்வொன்றாக அனுப்பப்பட்டன.

அந்த நாடாக் கருவி ஒழுங்காக வேலை செய்ததா என்பதில்தான் ஐயம் எழுந்தது. வந்து கொண்டிருப்பது உண்மையிலேயே படமா, அன்றிப் பொருளற்ற எண்களின் குவியலா? கணிப்பொறி இந்த எண்களைத் திரட்டி ஒளிப்படமாக்கித் தரும்வரை காத்திருக்க ரிச்சர்ட் கிரம் என்னும் பொறியியலாருக்கும் அவருடைய துணைவர்களுக்கும் மனம் பொறுக்கவில்லை. எண்களை நாடாக்களில் அச்சிட்டுக் கையாலேயே நிறம் தீட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தனர்.

கிரம் ஓவியப் பொருள் விற்கும் கடைக்குச் சென்று, கருமை முதல் வெண்மை வரையுள்ள சாம்பல் நிறச் சாயல்களில் சுண்ணக்கோல்கள் வேண்டும் என்று கேட்டாராம். சுண்ணக்கோல் விற்பது தங்கள் கடைக்குரிய வேலையன்று என்று கடைக்காரர் கூறிவிட்டார். பாஸ்டல் என்னும் ஓவியர்களின் வண்ணக்கோல்களே அங்கு இருந்தன. வாதாடிப் பொழுது போக்க விரும்பாமல் அவற்றையே வாங்கி வந்தார். பழுப்பும் செம்மையும் மஞ்சளும் கலந்த சாயல்களைப் படிப்படியாக அடுக்கினால் ஒளியின் ஏற்றத்தாழ்வு நன்கு விளங்கும் என்று கண்டு அவற்றைத் தேர்ந்தெடுத்தார். செவ்வாய் சிவந்த கிரகம் என்ற நினைவே அப்போது தமக்கு எழவில்லை என்று அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். ஆயினும் அக்கிரகத்தின் நிறம் பற்றிப் பின்னர் அறியப்பட்டதற்கு அவருடைய படம் வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தது. தற்செயல் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கற்பிக்க வேண்டுவதில்லை.

கரிய வானத்தின் ஓரமாகக் கிரகத்தின் வளைந்த விளிம்பு சிறிது சிறிதாகப் பலகையில் உருப்பெற்றது. எண்களின் குவியல் அன்று, படமே என்பது தெளிவாயிற்று. செய்தியாளர்கள் இதனைக் கண்டுகொண்டதும், முறைப்படி வெளியிடப்பட வேண்டிய ஒளிப்படத்திற்கு முன்பே கையால் தீட்டிய இப்படம் டெலிவிஷனில் தோன்றிவிட்டது. பலகையின் அப்பகுதி பின்னர் அறுத்தெடுத்துச் சட்டமிடப்பட்டு, ஆய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த வில்லியம் பிக்கரிங்கிடம் அளிக்கப்பட்டது. அருகிற் சென்று நோக்குவோர்க்கு நிறத்தின் அடியில் எண்கள் தெரியும்.

செவ்வாயை மனிதன் கையால் வரைந்தது இது முதன்முறையன்று. முன்னர் வரைந்தவர்கள் பெரும் பிழை செய்திருந்தனர். 1877-இல் இத்தாலிய வானநூலார் ஷியாபரெல்லி, தொலைநோக்கியின் வழியே செவ்வாயில் மெல்லிய நேர்கோடுகள் பலவற்றைக் கண்டதாகப் படம் வரைந்து, அவற்றிற்குத் தம் மொழியில் கால் அல்லது நீரோட்டம் என்று பொருள்படும் சொல்லை வழங்கினார். ஆங்கிலத்தில் அச்சொல் வெட்டப்பட்ட கால்வாய் என்ற பொருளைப் பெற்றுவிட்டது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் சற்றே சறுக்கினால் எவ்வளவு தொலைவு கொண்டு செல்லும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. 1894-இல் அரிசோனாவில் பிளாக்ஸ்டாஃப் என்னுமிடத்தில் தம் சொந்தச் செலவில் வானாய்வு நிலையம் அமைத்த பெர்சிவல் லோவெல், அக்கோடுகளை மேலும் மேலும் வரைந்து, வறண்டு வரும் கிரகத்தில் அறிவுடைய உயிர்கள் துருவப் பனியின் நீரைக் கொணர வெட்டிய பாசனக் கால்வாய்களே அவை என்று நூல்கள் எழுதினார். அவர் பொய்யுரைத்தவர் அல்லர். கண்டதாக நம்பியதையே வரைந்தார்.

அந்த நம்பிக்கையைச் சோதித்தவர்கள் பள்ளிச் சிறுவர்கள் என்பது ஆசிரியர்களுக்கு மகிழ்ச்சியளிக்கும். 1903-இல் மாண்டர் என்னும் ஆங்கில வானநூலார், கிரீனிச்சிலிருந்த பள்ளியொன்றின் தலைமையாசிரியர் எவான்ஸுடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார். செவ்வாயைப் போன்ற வட்டம் ஒன்றில் புள்ளிகளும் ஒழுங்கற்ற நிழற்சாயல்களும் இடப்பட்டன. கால்வாய்க் கோடுகள் இடப்படவில்லை. கால்வாய்களைப் பற்றி ஏதுமறியாத மாணவர்கள் பல்வேறு தொலைவுகளில் அமர்ந்து அதனைப் பார்த்து வரைந்தனர். புள்ளிகளைத் தனித்தனியே பிரித்தறிய இயலாத தொலைவில், ஆனால் முற்றும் மறைந்துவிடாத தொலைவில் இருந்த மாணவர் பலர் நேர்கோடுகளை வரைந்து வைத்தனர்! கண் தெளிவாகக் காணாதவற்றை மனம் கோட்டால் இணைத்துவிடுகிறது என்று மாண்டர் முடிவு கட்டினார். லோவெல் இதனை ஏற்கவில்லை. அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து மாரினர் 4 அனுப்பிய எண்களில் கால்வாய் எதுவும் இல்லை. சந்திரனில் உள்ளவை போன்ற வட்டப் பள்ளங்களே இருந்தன.

லோவெல் வரைந்தபோது கைக்கும் கிரகத்திற்கும் இடையே கருத்து ஒன்று நின்றது. கிரம் தீட்டியபோது இடையே நின்றது எண். 37 என்ற எண் வந்த இடத்தில் 37-க்குரிய நிறத்தைத் தவிர வேறொன்றைத் தீட்ட அவருக்கு உரிமை இல்லை. ஆனால் 37-க்கு எந்த நிறம் என்று தீர்மானிக்கும் உரிமை முழுவதும் அவருடையதே. விண்வெளியிலிருந்து வரும் படங்கள் யாவற்றிற்கும் இன்றளவும் இதுவே விதி.

எண் கிடைக்காத காலத்தில் கற்பனையே துணை. செஸ்லி பானஸ்டெல் என்ற அமெரிக்க ஓவியர் கட்டடக்கலை பயின்றவர். ஆதலால் அளவும் தோற்றமும் பிறழாமல் வரைய வல்லவர். 1944-இல் டைட்டன் என்னும் துணைக்கோளின் தரையில் நின்று சனிக் கிரகத்தை நோக்கினால் அது எவ்வளவு பெரிதாக, எக்கோணத்தில் தோன்றும் என்று கணக்கிட்டு அவர் தீட்டி வெளியிட்ட ஓவியம், விண்வெளி ஆராய்ச்சியில் பின்னர் ஈடுபட்ட பலருக்கு இளமையில் ஆர்வமூட்டியது. ஆனால் சந்திரனின் மலைகளை அவர் ஊசி முனைகளாகத் தீட்டினார். காற்றும் மழையும் இல்லாத இடத்தில் பாறை தேயாது என்பது அந்நாளைய கருத்து. சந்திரனில் மனிதர் இறங்கிய பின்னரோ, எண்ணற்ற ஆண்டுகளாக ஓயாது விழும் நுண்ணிய விண்கற்களால் அம்மலைகள் மழுங்கி உருண்டிருப்பது கண்கூடாயிற்று. பாஸ்டன் நகரத்து அறிவியல் காட்சியகத்திற்காக அவர் தீட்டியிருந்த நாற்பது அடி நீளச் சந்திரக் காட்சி, உண்மைக்கு மாறானது என்று 1970-இல் சுவரிலிருந்து அகற்றப்பட்டது. ஓவியத்தில் குறை ஒன்றுமில்லை. சந்திரன்தான் அவர் எதிர்பார்த்தபடி அமையவில்லை.

விண்வெளிக்கே சென்று வரைந்தவரும் உளர். சோவியத் விண்வீரர் அலெக்சி லியோனாவ் இளமையில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, பொருளில்லாமையால் அதனை விட்டு விமானப்படைக்குச் சென்றவர். 1965 மார்ச் 18-ஆம் நாள் வாஸ்கோத் 2 என்னும் கலத்திலிருந்து வெளியே வந்து பன்னிரண்டு நிமிடங்கள் வெற்று வெளியில் மிதந்த முதல் மனிதர் அவரே. வெற்றிடத்தில் அவருடைய உடை பலூனைப் போல் உப்பி விறைத்தது. கைகள் உறையின் விரல்களுக்கு எட்டவில்லை. உடையில் பொருத்தியிருந்த காமிராவை இயக்கும் விசையையும் அவரால் தொட இயலவில்லை. உடையிலிருந்த காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றி உடையைத் தளர்த்திய பின்னரே, பெருமுயற்சியுடன் அவர் கலத்திற்குள் மீண்டார். துணைவர் பெல்யாயெவுடன் பூமிக்குத் திரும்பும்போது தானியங்கி முறை பழுதுபட, கையால் இயக்கி யூரல் பகுதியின் பனிக்காட்டில் இறங்கி இரண்டு இரவுகள் அங்கே கழிக்க நேர்ந்தது.

அப்பயணத்தில் அவர் வண்ணப் பென்சில்களும் உடன் கொண்டு சென்றிருந்தார். எடையற்ற நிலையில் அவை மிதந்து சென்றுவிடாதபடி ஒவ்வொன்றையும் நூலால் கட்டி மணிக்கட்டில் ஒரு பட்டையோடு பிணைத்திருந்தார். கலத்தில் மீண்டும் அமர்ந்து, சிறு தாளொன்றில் விண்வெளியிலிருந்து கண்ட சூரியோதயத்தை வரைந்தார். பூமியின் கரிய வளைவு, அதன்மேல் மெல்லிய செந்நிறப் பட்டை, அதற்கும் மேலே வெளிறிய நீலம், அப்பால் இருள். பூமியைத் தொண்ணூறு நிமிடத்திற்கொரு முறை சுற்றும் கலத்தில் விடியற்பொழுது சில கணங்களே நிற்கும். பேரொளியும் பேரிருளும் அடுத்தடுத்து நிற்கும் அத்தகைய காட்சியில் ஒளிப்படச் சுருள் ஒன்றைப் பதிந்தால் மற்றொன்றை இழந்துவிடும். கண் இரண்டையும் காணும். பென்சிலால் வரைந்த அச்சிறு படம் விண்வெளியில் உருவான முதல் ஓவியமாகப் போற்றப்படுகிறது. 1975-இல் அமெரிக்க, சோவியத் கலங்கள் விண்வெளியில் இணைந்தபோதும், அமெரிக்க வீரர்களின் முகங்களை அவர் படமாக வரைந்தார். 2019-இல் காலமாகும்வரை அவர் ஓவியத்தைக் கைவிடவில்லை.

சந்திரனில் கால்வைத்த நான்காம் மனிதரான ஆலன் பீன், 1981-இல் அரசுப் பணியிலிருந்து விலகி முழுநேர ஓவியரானார். சந்திரனில் தாம் பயன்படுத்திய சுத்தியலாலும், அங்கு அணிந்த காலணியைப் போன்றதொன்றாலும் படத்தின் தளத்தில் தடம் பதித்து, அதன்மேல் வண்ணம் தீட்டுவது அவர் வழக்கம். சாம்பல் நிறமே கொண்ட சந்திரனுக்கு அவர் ஊதாவும் பொன்னிறமும் சேர்த்தார். கண்டவரே அவ்வாறு தீட்டலாமா என்று கேட்போர் உண்டு. ஓவியர் என்ற முறையில் அது அவர் உரிமை. அளவை செய்யும் பணியாளருக்கு அவ்வுரிமை இல்லை.

களப்பணியாளர் கையில் இன்று வரும் செயற்கைக்கோள் படங்களில் நெல்வயல் பச்சையாக இராது, சிவந்திருக்கும். புதிதாகப் பணியேற்றோர் சிலர் இதனைக் கண்டு மயங்குவதுண்டு. இதிலும் கிரம் கையாண்ட முறையே உள்ளது. பசுமையான இலை செந்நிற ஒளியின் பெரும்பகுதியை உட்கொண்டு, பச்சையைச் சிறிது திருப்பியனுப்புகிறது. ஆனால் மனிதக் கண்ணுக்குப் புலனாகாத, செந்நிறத்தை அடுத்துள்ள அகச்சிவப்புக் கதிரை அதனினும் பன்மடங்கு திருப்பியனுப்புகிறது. இலைக்குள் இருக்கும் உயிரணுக்களின் அமைப்பே அதற்குக் காரணம். கண்ணால் காணவொண்ணாத கதிருக்குத் தாளில் ஒரு நிறம் வேண்டும். ஆகவே அகச்சிவப்புக்குச் சிவப்பும், சிவப்புக்குப் பச்சையும், பச்சைக்கு நீலமும் என ஒவ்வொரு படியாக நிறத்தை நகர்த்தி வைத்தனர். செழித்த பயிர் செக்கச் சிவந்து தோன்றுவது இதனால்தான். தெளிந்த நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் ஏரி கறுத்துத் தோன்றும். ஊரும் கட்டடமும் நீலஞ் சார்ந்த சாம்பலாகத் தோன்றும். செம்மை குன்றிய வயலைக் கண்டால் பயிர் வாடியது என்றோ, முதிர்ந்தது என்றோ, இன்னும் நடவே ஆகவில்லை என்றோ கொள்ளலாம். இவற்றுள் எது என்பதைப் படம் சொல்லாது. வயலுக்குச் சென்று வருபவரே சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இம்முறையின் தொடக்கம் செயற்கைக்கோளுக்கு முற்பட்டது. 1970-இல் பி. ஆர். பிஷாரோட்டியின் தலைமையில், கேரளத்துத் தென்னைகளைத் தாக்கிய வேர்வாடல் நோயை அறியும் பொருட்டு, ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு வண்ணச் சுருளில் படம் எடுக்கப்பட்டது. நலமுள்ள மரமும் நோயுற்ற மரமும் படத்தில் வேறு வேறு சாயலில் தோன்றின. 1988 மார்ச் 17-ஆம் நாள் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ். 1-ஏ என்னும் இந்தியச் செயற்கைக்கோள், நான்கு அலைவரிசைகளில் நாடு முழுவதையும் படமெடுக்கத் தொடங்கிற்று. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் காணும் பொன்னிற மேகங்களும் இவ்வகையினவே. அது காண்பதில் மிகப் பெரும்பகுதி அகச்சிவப்பு. நீண்ட அலைக்குச் சிவப்பும் குறுகிய அலைக்கு நீலமும் தரப்பட்டு அப்படங்கள் ஆக்கப்படுகின்றன.

வகுப்பில் இதனைச் செய்து காட்டக் கருவி எதுவும் வேண்டா. கட்டமிட்ட கணக்கு நோட்டில் இருபதுக்கு இருபது கட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒரு மாணவன் எளிய உருவமொன்றை 0 முதல் 7 வரையுள்ள எண்களாக மாற்றி உரக்கப் படிக்கட்டும். மறுகோடியில் உள்ளவன் கேட்டெழுதி நிறம் தீட்டட்டும். ஒரே எண்வரிசையை இருவரிடம் தந்து, வெவ்வேறு நிற அட்டவணையும் தந்தால் விளையும் இரு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மிகவும் பயனுடையது.

விண்வெளி ஓவியனுக்குப் பொருள் தந்தது போலவே, கைவினையும் விண்கலத்திற்குப் பொருள் தந்திருக்கிறது. பெரிய சூரியத் தகடுகளைச் சிறு இடத்தில் மடித்து வைத்து, விண்வெளியில் விரிப்பது எவ்வாறு? டோக்கியோவில் விண்வெளிப் பொறியியல் ஆய்ந்த கோரியோ மியூரா, மெல்லிய தகடுகள் அழுத்தத்தால் நொறுங்கி மடியும்போது எவ்வாறு சுருக்கங்கள் விழுகின்றன என்று ஆராய்ந்து, 1970-இல் ஒரு மடிப்பு முறையை வகுத்தார். ஜப்பானியரின் தாள்மடிப்புக் கலையோடு உறவுடைய அம்முறை அவர் பெயராலேயே வழங்குகிறது.

சாதாரண நிலப்படத்தை மடிக்கும்போது மடிப்புகள் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டுகின்றன. அதனை விரிக்க முதலில் ஒரு திசையிலும் பின்னர் மறு திசையிலும் இழுக்க வேண்டும். மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் மூலைகளில் தாள் விரைவில் கிழியும். கிராமந்தோறும் நிலப்படம் எடுத்துச் செல்லும் அலுவலர்க்கு இது சொல்லித் தெரிய வேண்டுவதன்று. மியூரா செய்த மாற்றம் மிகச் சிறியது: ஒரு திசையிலுள்ள மடிப்புகளை நேராகவே விட்டு, மறு திசையிலுள்ளவற்றைச் சில டிகிரி சாய்த்து வளைந்து வளைந்து செல்லுமாறு அமைத்தார். கட்டங்கள் செவ்வகமாக இல்லாமல் இணைகரமாயின. எதிரெதிர் மூலைகள் இரண்டைப் பிடித்து இழுத்தால் தாள் முழுவதும் இரு திசையிலும் ஒரே நேரத்தில் விரியும். தள்ளினால் அவ்வாறே மடியும். கட்டங்கள் தகடுகளேயாயினும், மடிப்புகள் கீல்களேயாயினும் இயக்கம் ஒன்றே. சில மரங்களின் இளந்தளிர் மொட்டுக்குள் மடிந்திருப்பதும் ஏறத்தாழ இவ்வாறுதான்.

1995 மார்ச்சில் ஜப்பானிய ராக்கெட் ஒன்றால் ஏவப்பட்ட ஆய்வுக்கலத்தில் இம்முறைப்படி மடித்த தகடு ஒன்று விண்வெளியில் விரித்துப் பார்க்கப்பட்டது. அக்கலத்திற்கு மின்சாரம் தந்த முதன்மைச் சூரியத் தகடுகள் வேறு வகையின. 1996 ஜனவரியில் அமெரிக்க விண்ணோடம் எண்டவர் அக்கலத்தைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவரச் சென்றபோது, அம்முதன்மைத் தகடுகள் சரிவர மடங்கிப் பூட்டிக்கொள்ளாமையால் கழற்றி எறியப்பட்டன. எஞ்சிய கலத்தை, ஓடத்தின் நீண்ட இயந்திரக் கையை இயக்கிய ஜப்பானிய விண்வீரர் கோய்ச்சி வகாடா பற்றி உள்ளே வைத்தார். பத்து மாதங்களுக்குப் பின் அது பூமிக்குத் திரும்பியது.